பாதி தடவித் திறந்த நஞ்சுப் பட்டறை

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரிகிற உயிர்களைப் போலவே தெரியாத உயிர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. ஆறு கடலில் கலக்கும் ஒரு கழிமுகத்தில் ஓர் இறால் இருந்தது. அதன் முதுகு ஓட்டில் ஒரு பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது. இறாலின் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்பதுதான் அதற்குச் சாப்பாடு. இறால் அதைப் பெரிதுபடுத்தியதே இல்லை. "எப்படியும் கழற்றிப் போடப்போற சட்டைதானே, தின்னுட்டுப் போங்க" என்று சிரிக்கும்.

பாக்டீரியாவின் உடம்புக்குள் நீளமான முறுக்கு நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. இன்று பள்ளிக்கூடத்தில் டி.என்.ஏ. என்று படிக்கிறோமே, அதுதான். அந்த உடம்பு செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் நூலில் ஒரு பட்டறை, நீந்தத் துடுப்பு செய்ய ஒன்று, நஞ்சு செய்ய ஒன்று என்று; ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பூட்டு. பூட்டு என்றதும் இரும்பை நினைக்க வேண்டாம். நூலின் முறுக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், அவ்வளவுதான் பூட்டு.

காவலுக்கு இரண்டு புரதங்கள் இருந்தன. காத்தான், அவன் தங்கை காத்தாயி. இருவருக்கும் கண் கிடையாது. கையும் ஆளுக்கு ஒன்றுதான். முதல் பள்ளத்தைத் தடவி, பிறகு நகர்ந்து இரண்டாவதையும் தடவி, இது இன்ன பூட்டு என்று தெரிந்துகொண்டு திறப்பார்கள்.

எல்லாப் பூட்டையும் போல இல்லை, நஞ்சுப் பட்டறையின் பூட்டு. பாக்டீரியா ஏதாவது மீனின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டால் மட்டுமே அதைத் திறக்கலாம். மற்ற நேரத்தில் காத்தாயி அந்தப் பக்கமே போகமாட்டாள். காத்தானோ மார்தட்டிக்கொண்டு திரிவான். நூல் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பான்.

ஒரு நாள் மத்தியானம் இறால் பதறிக்கொண்டு கூப்பிட்டது.

"காத்தான்! சட்டை கழலுதுடா. துடுப்புப் பட்டறையைச் சீக்கிரம் திற. துடுப்புப் போட்டு என் புதுத் தோலுக்கு வந்து ஒட்டிக்குங்க. பழைய ஓட்டோட போனீங்கன்னா சேத்துல புதைஞ்சிடுவீங்க!"

"இதோ அக்கா!" என்று காத்தான் நூலின்மேல் சறுக்கிக்கொண்டு ஓடினான்.

"அண்ணே, இரு. நானும் வந்து தடவிப் பார்க்கிறேன்" என்று பின்னாலேயே கத்தினாள் காத்தாயி.

"ஒரு பூட்டுக்கு ரெண்டு பேரா? ஊரே சிரிக்கும். என் கைக்குத் தெரியாத பள்ளமா?"

ஒரு பள்ளத்தில் கை வைத்தான். அதே ஆழம், அதே வளைவு. துடுப்புப் பட்டறையேதான் என்று நினைத்தான். இரண்டாவது பள்ளத்தை அவன் தொடவே இல்லை. சடாரென்று திறந்துவிட்டான்.

அடப்பாவி! வெளியே இறாலின் ஓடு முதுகில் பிளந்துவிட்டது. பிளவின் ஓரத்தில் பாக்டீரியா. அதற்கு நேர் கீழே, ஒரு நகக்கீறல்கூடப் படாத புதுத் தோல். துடுப்பு வரவில்லை. நஞ்சு வந்தது.

"என்னடா ஊத்தினே என் மேல? எரியுதே... எரியுதே!"

"துடுப்புதான் அக்கா! துடுப்பைத்தான் திறந்தேன்!"

இறால் ஒருமுறை துள்ளியது. பாதி கழன்ற சட்டையோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் கால்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இத்தனை நாள் முதுகில் சுமந்து, தன் ஓட்டையே சோறாகப் போட்டவள், பேச்சுக்குப் பேச்சு சிரித்தவள், கண் மூடித் திறப்பதற்குள் வெறும் உடம்பாகிவிட்டாள்.

காத்தாயி ஓடிவந்து பூட்டை மூடினாள். மூடி என்ன ஆகப்போகிறது? காத்தான் விறைத்துப்போய் நின்றான். அப்புறம்தான் நகர்ந்து இரண்டாவது பள்ளத்தைத் தடவினான். வேறு ஆழம். வேறு வளைவு. சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். மறுபடி தடவினான். மறுபடியும் அதே வேறு வளைவுதான்.

"பாதி சரியா இருந்துச்சே காத்தாயி. பாதி சரியா இருந்துச்சே..."

"மீதிப் பாதியிலதானே அண்ணே அக்கா உசுரு இருந்துச்சு" என்றாள் அவள்.

காத்தான் தங்கையின் உடம்போடு இறுக ஒட்டிக்கொண்டான். அவளும் விலகவில்லை.

அன்று முதல்தான் அந்தக் காவல் புரதங்கள் தனியாக எந்தப் பூட்டையும் திறப்பதில்லை. உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு ஜோடியாகவே வருகின்றன, இரண்டு பள்ளத்திலும் ஒரே நேரத்தில் கை வைத்து, நூலை லேசாக வளைத்தும் பார்க்கின்றன, ஒரு பள்ளம் பொருந்தாவிட்டாலும் பூட்டைத் திறக்காமல் நகர்ந்துவிடுகின்றன.