எறும்பு கொண்டுபோன கீரை வெதை

ஒரு ஊர்ல வெள்ளாத்தான்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரே மக, பூவாத்தா. உன்னாட்டமே வாயாடி! அந்த வாயாடி காய்ச்சல்ல படுத்துச்சு. காய்ச்சல் விட்டும் சோத்தைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கும். கஞ்சித் தண்ணி ரெண்டு மொடக்கு, அவ்வளவுதான். எந்திரிச்சு நிக்கக்கூட சீவன் இல்ல.

"என்னதான் சாமி வேணும் உனக்கு?"

"தண்டங்கீரை கடைஞ்சு குடும்மா, திங்கறேன்."

ஊரே காஞ்சு கெடக்குது, கீரைக்கு எங்க போவா? ம் சொல்லு. ஆங்!

அப்போ வெள்ளாத்தா பானையில இருந்த கீரை வெதைய எடுத்துப் பாத்தியில தூவினா. கீரை வெதைச்சா எறும்புக்கு ஒரு புடி நொய் எறைக்கணும், அப்பத்தான் அது வெதையத் தொடாது. அவளுக்குத் தெரியாததா? புள்ளை கஞ்சிக்கு ஆகும்னு நொய்யை மிச்சம் புடிச்சுட்டா. எறும்பு சும்மா விடுமா? குறுகுறுன்னு வந்து அத்தனையும் தூக்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வெதைச்சு, சுத்தியும் சாம்பல் போட்டா. காத்து விர்ர்ருன்னு அடிச்சு சாம்பல் பறந்துருச்சு. அந்த வெதையும் எறும்போட போச்சு.

அப்புறம் இன்னுங் கொஞ்ச நாள் போக, கடைசிப் புடிய வெதைச்சு, பக்கத்துலயே காவலுக்கு உக்காந்தா. பாவம், அசதியில கண்ணசந்துட்டா. முழிச்சா, பாத்தி வெறும் மண்ணு! உள்ள புள்ளை கஞ்சித் தண்ணியும் வேண்டாம்னு தலைய ஆட்டுது.

வந்துச்சே கோவம்! ஒரு சட்டித் தண்ணியத் தளதளன்னு கொதிக்க வெச்சுத் தூக்கிக்கிட்டு, எறும்புச் சாரை பின்னாலயே போனா. வேலிக்கு அந்தப்பக்கம் எறும்புப் புத்து. ஊத்தச் சட்டியச் சாச்சவ, அப்படியே நின்னுட்டா.

புத்தைச் சுத்திப் பச்சைப்பசேல்னு கீரை, கண்ணு! அடியிலிருந்து எறும்பு கொண்டாந்து போட்ட ஈர மண்ணுல, மொதல்ல வெதைச்சது முழம் ஒசரம். ரெண்டாவது வெரல் ஒசரம். மூணாவது இன்னும் எறும்பு வாயிலயே ஊர்வலம் போவுது! யம்மாடி! இத்தனூண்டு சீவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

வெள்ளாத்தாளுக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. சட்டிய எறக்கி வெச்சுட்டு, "தாயே, கொல்லவா வந்தேன்!"னு கையெடுத்துக் கும்புட்டா. வேரைப் புடுங்காம நுனிய மட்டும் நறுக் நறுக்குன்னு கிள்ளினா. வீட்டுக்கு வந்து அந்தக் கொதிதண்ணியிலயே கீரைய வேகவெச்சு, மத்துல கடகடன்னு கடைஞ்சு, ஒரு வாய் ஊட்டினா.

புள்ளை சப்புக்கொட்டுச்சு. சுவத்தப் புடிச்சுக்கிட்டுத் தானா எந்திரிச்சு உக்காந்துச்சு.

"அம்மா, இன்னுங் கொஞ்சம்."

கீரையும் கடைஞ்சாச்சு, கதையும் கடைஞ்சாச்சு. கண்ண மூடு சாமி.