அரை மாத்திரை

மாசிலாமணி அன்று பாடத்திற்கு அரை மணி நேரம் பிந்தி வந்தார். வலக்கையின் இரு விரல்கள் இடக்கை மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. கக்கத்தில் இலக்கண நூல் இருந்தது.

சைக்கிள் கடைக்கு மேலிருந்த மாடியறையில் ஆசிரியர் உமையாள் காத்திருந்தார். ஆசிரியருக்கு நாற்பத்தாறு வயது. மாணவருக்கு அறுபத்திரண்டு. மாசிலாமணி நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம், "நம்ம நகராட்சி போர்டுல எல்லாம் ஒற்று எங்கே வரும், எங்கே வராதுன்னு சாகறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்மா" என்று சொல்லிக்கொண்டு அந்தப் படிகளை ஏறி வந்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகளில் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. சென்ற வாரந்தான் முதன்முறையாக வரவில்லை.

"அமருங்கள், ஐயா."

"உட்கார வரலைம்மா. புத்தகத்தைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நூலை மேசைமேல் வைத்தார். வைத்த விரல்கள் உடனே மணிக்கட்டுக்குத் திரும்பின.

"இன்று புணர்ச்சிப் பாடம் தொடங்குகிறோம். ஒரு சொல்லோடு இன்னொரு சொல் சேரும்போது ஒற்று எங்கே மிகும் என்று முதல் நாள் கேட்டீர்களே, அதற்கு இன்றுதான் விடை."

"இனிமே அது மிகுந்தா என்ன, மிகாட்டி என்ன?"

அவர் சன்னலுக்குப் போனார், கதவுக்கு வந்தார், மறுபடியும் சன்னலுக்குப் போனார். நான்காம் முறை கதவருகே வந்தபோது மாசிலாமணியே சொன்னார்.

"நெஞ்சுல வால்வு ஒழுகுதாம்மா. ஒண்ணு இல்லை, ரெண்டு. போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்துச் சொன்னாங்க."

"வலி உண்டா?"

"வலியெல்லாம் இல்லை. மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்கும். வயசாச்சுன்னு நினைச்சேன். யாரோட வால்வு ஒழுகுது பாருங்க! இந்த ஊர் வால்வையெல்லாம் அடைச்சவனோட வால்வு! என் சம்சாரம் சொல்றா, 'நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா ஒழுகுதே, அதைத் திரும்பிப் பார்த்தீங்களா? அந்தக் குழாய் விட்ட சாபம்'னு."

"சிரித்துக்கொண்டா சொன்னார்?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. சொல்லிட்டு அடுப்படிக்குப் போனவ ரொம்ப நேரம் வெளியே வரலை."

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி அந்த ஓசையைக் கேட்டார். பிறகு தம் நாடியை எண்ணினார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதது அவருக்குப் பிடிக்கவில்லை.

"மருத்துவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

"ஒன்றுமே சொல்லாமலா அனுப்பினார்?"

"எப்பவும் போல இருங்க, நடங்க, உப்பைக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னார். நடுவுல மூச்சு முட்டினாலோ கால் வீங்கினாலோ அன்னைக்கே வரணுமாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தேவைப்பட்டாப் பார்க்கலாம்னார். எப்போ தேவைப்படும்னு கேட்டேன். 'பார்த்துக்கிட்டே இருப்போம்'னார். இது ஒரு பதிலாம்மா? ஒழுகுதுன்னு தெரிஞ்ச பிறகு, ஆறு மாசம் பார்த்துக்கிட்டே இருப்போம்னு நான் சொல்லியிருந்தா இந்த ஊர் சும்மா விட்டிருக்குமா? காலிக் குடத்தோட வந்து ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்திருக்க மாட்டாங்க?"

"உட்கார்ந்தார்களா?"

"நாலு தடவை."

ஆசிரியரின் வாய் சற்றே அசைந்தது, சிரிப்பு வெளிவரவில்லை. "முப்பத்தோர் ஆண்டில் எல்லாக் கசிவையும் அடைத்துவிட்டீர்களா?"

"எங்கேம்மா. ஒண்ணை அடைச்சா அடுத்த தெருவுல கிளம்பும்."

"ஊர் தண்ணீர் குடித்ததா, இல்லையா?"

"குடிச்சுது." சொன்ன வேகத்திலேயே தலையை அசைத்து மறுத்தார். "அது வேற, இது வேற. ஊர்ல ஒழுகினா தண்ணி தெருவுக்குப் போகும். சனங்க வாளி வச்சுப் பிடிச்சுக்கும். இது பின்னாடி போகுதாம்மா. முன்னாடி போக வேண்டிய ரத்தம், வந்த வழியே திரும்பிப் போகுதாம். அதை நினைச்சா ஓர் இடத்துல உட்கார முடியலை. சாப்பிட உட்கார்ந்தாலும் விரல் இங்கேதான் வந்து நிக்குது. சாதத்தை எந்தக் கையால பிசையறது, சொல்லுங்க?"

ஆசிரியர் ஊரையும் தண்ணீரையும் அத்தோடு விட்டுவிட்டார்.

"மருந்து?"

"காலையில அரை மாத்திரை. பிளேடால ரெண்டா வெட்டி ஒரு பாதியை முழுங்கறேன். மீதிப் பாதியைத் தாள்ல மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கறேன்." பையைத் தொட்டுக் காட்டினார். "முழு மாத்திரை கொடுத்தா முழுசாக் குணமாகும். அரை கொடுத்தா?"

"மெய்க்கு அரை மாத்திரை."

மாசிலாமணி நின்றார். முதல் மாதம் அவரே ஒப்பித்த பாடம் அது: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியே திரும்பியும் போயிற்று.

"கேலி பண்ணாதீங்கம்மா. நான் பயந்து போயிருக்கேன்."

"தெரிகிறது. மருத்துவர் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்குச் சொல்லுங்கள்."

அவர் கண்ணை மூடி நினைவுக்குக் கொண்டுவந்தார். "'வால்வுக்கு இதழ் இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது குவிஞ்சு மூடணும். உங்களுக்கு முழுசாக் குவிய மாட்டேங்குது.' இவ்வளவுதான்."

"இதழ் என்றா சொன்னார்?"

"இதழ்னுதான் சொன்னார். தாள்ல பூ மாதிரி வரைஞ்சும் காட்டினார்."

ஆசிரியர் மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்தார். ழகரம் வராத மாணவர்கள் தம் நாவைத் தாமே பார்த்துக்கொள்வதற்காக வைத்திருந்த கண்ணாடி அது.

"இதை இடக்கையில் பிடியுங்கள்."

"அப்போ நாடி?"

"வலக்கைக்கும் வேலை இருக்கிறது. விரலைச் சொடுக்குங்கள். ஒரு சொடுக்கு நேரம் ஒரு மாத்திரை. மறந்துவிடவில்லையே?"

மாசிலாமணி தயங்கினார். பிறகு இரு விரல்களும் மணிக்கட்டை விட்டன. நாற்காலியின் விளிம்பில், எழுந்து போகப்போகிறவர் போல உட்கார்ந்தார்.

"பசு என்று சொல்லுங்கள்."

"பசு." சொடுக்கினார்.

"சொல் முடியும்போது இதழ் என்ன செய்தது?"

"குவிஞ்சுது. விசிலடிக்கப் போற மாதிரி."

"நெஞ்சு என்று சொல்லுங்கள்."

"நெஞ்சு."

"இதழ்?"

அவர் கண்ணாடியை முகத்தருகே கொண்டுவந்தார். "நெஞ்சு." இன்னும் அருகே கொண்டுவந்தார். "நெஞ்சு." மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மீண்டும் சொன்னார்.

"முழுசாக் குவிய மாட்டேங்குதும்மா."

சொன்னபின்தான் தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. கண்ணாடியில் இருந்த வாய் திறந்தபடி நின்றது.

"மூச்சு?" என்று கேட்டார் ஆசிரியர்.

"மூச்சு... குவியலை."

"உடம்பு? மார்பு? துடிப்பு?"

ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். "ஒண்ணுமே குவியலையே!"

"இவற்றின் கடைசியில் நிற்பது என்ன எழுத்து?"

"குற்றியலுகரம். தன் அளவுல பாதியாக் குறைஞ்ச உகரம். அரை மாத்திரை." அவர் தலை குனிந்தது. "வாய்ப்பாடா ஆயிரம் தடவை சொன்னேன். ஒரு தடவையும் பார்க்கலைம்மா."

மாசிலாமணி கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. ஏதோ தோன்றியவராய் அதை மறுபடியும் உயர்த்தினார்.

"கசிவு," என்றார். "கசிவு. அடடா! குவியுது! பார்த்தீங்களாம்மா? கசிவு மட்டும் சுத்தமாக் குவியுது!"

"அது முற்றியலுகரம். அளவு குறையாது."

"என் நிலைமையைப் பாருங்க. நெஞ்சுக்கு அரை மாத்திரை, கசிவுக்கு முழு மாத்திரை!"

ஆசிரியர் சிரித்துவிட்டார். மாசிலாமணியும் சிரித்தார், சிரித்து முடிக்குமுன் எழுந்தார். கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சன்னலுக்குப் போனார்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கும்மா. ஆனா எழுத்துக்குக் குறைஞ்சா எழுத்து சாகாது. எனக்குக் குறைஞ்சா நான் செத்துப் போயிடுவேன்."

"ஆம்," என்றார் ஆசிரியர்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரமாக எல்லாரும் அவரிடம் இல்லை இல்லை என்றே சொல்லியிருந்தார்கள்.

"எப்போம்மா?"

"எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இலக்கணம். அதில் கேட்கிறேன், சொல்லுங்கள். நெஞ்சு என்னும் சொல்லை அடுத்து ஓர் உயிர் வந்து நின்றால் என்ன ஆகும்?"

"நெஞ்சு, இல்... நெஞ்சில். குற்றியலுகரம் நடத்தினப்பவே சொன்னீங்க, உகரம் மெய்யை விட்டு ஓடிடும்." அவர் சட்டென்று நிறுத்தினார். "நானும் அதைத்தானே சொல்றேன்! மெய்யை விட்டு ஓடிடும்மா!"

"எப்போது ஓடும்?"

"அடுத்த உயிர் வந்தா."

"வரும்வரை?"

மாசிலாமணி யோசித்தார். கீழே காற்றடிக்கும் ஓசை நின்றிருந்தது.

"வர்ற வரைக்கும் இருக்கும்."

"எவ்வளவு?"

"அரை மாத்திரை."

"அதை ஒரு மாத்திரையாக நீட்டி ஒலித்தால்?"

"பிழை. முதல் மாசமே திட்டினீங்க."

"அடுத்த உயிர் வந்துவிடுமே என்று அஞ்சி, அது வருமுன்பே விட்டுவிட்டால்?"

"விட்டுட்டா... அது எப்படி?"

"சொல்லிப் பாருங்கள். அந்த அரை மாத்திரையையும் விட்டுவிட்டு நெஞ்சு என்று சொல்லுங்கள்."

"நெஞ்ச்," என்றார் மாசிலாமணி.

ஒலி பல்லுக்குப் பின்னால் முட்டி நின்றது. கண்ணாடி இல்லாமலே அவருக்கு அது தெரிந்தது. மறுபடியும் முயன்றார். "நெஞ்ச்." கழுத்து நரம்பு புடைத்தது. பிடித்த மூச்சை விட்டுவிட்டு நாற்காலியில் வந்து விழுந்தார். இம்முறை விளிம்பில் உட்காரவில்லை.

"சொல்லே நிக்குதேம்மா. மூட முடியலை, திறக்கவும் முடியலை."

ஆசிரியர் கைக்கண்ணாடியை எடுத்து இழுப்பறையில் வைத்தார். இலக்கண நூலை எடுக்கவில்லை. அது மாசிலாமணி வைத்த இடத்திலேயே, வைத்த கோணத்திலேயே இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்; கதவுக்கு அப்பாலிருந்த படிகளைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு படிம்மா."

"பதினோராம் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வாருங்கள்."

"நேரமாகுமே."

"ஆகட்டும். நீங்கள் வந்து அமர்ந்த பிறகுதான் பாடம்."

"ஏறும்போது ஏதாவது ஆயிட்டா?"

"கீழே சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார். மேலே நான் இருக்கிறேன். மருத்துவர் எண் என்னிடமும் இருக்கட்டும். எழுதிக் கொடுங்கள்."

மாசிலாமணி சட்டைப் பையைத் துழாவினார். மாத்திரை மடித்திருந்த தாள்தான் கைக்கு வந்தது. அதைப் பிரித்து, வெட்டிய பாதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் எண்ணை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். உள்ளங்கையில் இருந்ததைச் சற்று நேரம் பார்த்தார். எஞ்சிய தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கை மணிக்கட்டை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. நூலை இழுத்துத் திறந்தது.

"எங்கேருந்தும்மா ஆரம்பிக்கறது?"

"நெஞ்ச் என்று நிறுத்தினீர்களே, அங்கிருந்து," என்றார் ஆசிரியர். "இன்னும் அரை மாத்திரை மீதி இருக்கிறது, ஐயா."