நிற்கிற பக்கம்

கிட்ட வந்து இருங்கோ. இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

விமானம் வந்து குண்டு போட்டுப் போன காலம். எங்கள் கரையோரத்தில் எமில்டா ரீச்சர் என்று ஒருத்தி இருந்தா. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவ. எந்தப் பழைய கட்டடத்தில் குண்டு விழுந்தாலும், ஒரு பெட்டிக் கமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பா.

அவவுக்கு ஒரு சீடன், மடுத்தீன். ரீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்த மனுசன். முப்பது வருசம் கலியாண வீட்டுப் படம் எடுத்தவர். கலியாணங்கள் குறைய, "எனக்கும் இந்த வேலையைப் பழக்குங்கோ ரீச்சர்" என்று வந்து நின்றார்.

ஆறு மாதமாக ரீச்சர் பழக்கியது ஒன்றுதான். கோல் பிடிக்கிறது. ஒரு அடி கறுப்பு, ஒரு அடி வெள்ளை என்று மாறி மாறிப் பூசிய எட்டடிக் கம்பு. சுவரோடு அதை நிறுத்திப் படம் எடுத்தால், பார்க்கிறவன் சுவரின் உயரத்தை எண்ணிச் சொல்லலாம்.

பிறகு ஒருநாள் மடுத்தீனின் சொந்தத் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. ஞானஸ்நானம் எடுத்த கோயில், தாலி கட்டிய கோயில். இருநூறு வருசக் கட்டடம். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கோபுரம். வலப்பக்கம் கையில் மோட்சக் கதவின் திறப்போடு இராயப்பர் சிலை, இடப்பக்கம் வாளோடு சின்னப்பர் சிலை. இடப்பக்கக் கோபுரம் சின்னப்பரையும் கூட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டது.

அந்தக் கிழமை ரீச்சருக்குக் காய்ச்சல்.

"நீங்களே போங்கோ அண்ணை. எட்டுத் தாள் பிலிம்தான் இருக்கு. கோலை மறக்காதேங்கோ."

மடுத்தீன் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார். கண்ணீர் வரவேண்டிய படத்துக்குள் கம்பு என்னத்துக்கு? வெயில் சாயும்வரை காத்திருந்தார். சரிந்த சிலுவை, தலையில்லாமல் செட்டை மட்டும் விரித்த சம்மனசு, கல்லுக்குள் இருந்து நீட்டிக்கொண்டிருந்த சின்னப்பரின் கை. ஏழு படம் எடுத்தார்.

ரீச்சர் போர்வைக்குள் இருந்தபடி பார்த்தா.

"எப்பிடி ரீச்சர்?"

"அழுகை வருகுது அண்ணை."

மடுத்தீனுக்குப் பெரிய சந்தோசம்.

பங்குச் சுவாமியார் அந்தப் படங்களைக் கொண்டு நகரத்துக்குப் போனார். கோயிலைத் திருத்துவதா விடுவதா என்று முடிவெடுக்கிற சபை அங்கேதான் இருந்தது. மூன்றாம் நாள் புழுதியோடு திரும்பி வந்தார்.

"மடுத்தீன், உன்ர படத்தைப் பார்த்து அங்க அழாத ஆள் இல்லை."

"அப்ப எப்ப சுவாமி கட்டத் தொடங்குவினம்?"

"கட்டுறதோ? அழுது முடிச்சுப்போட்டு, 'ஒண்டும் மிஞ்சேல்லையே, இடிச்சுத் தள்ளிப்போட்டுக் கொட்டில் ஒண்டு போடுங்கோ' எண்டிட்டினம். புதன்கிழமை தள்ள ஆள் வருகுது."

மடுத்தீன் நேரே ரீச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் குந்தினார்.

"பாதியைத்தான் ரீச்சர் குண்டு போட்டவன் இடிச்சவன்."

"ஓம்."

"மற்றப் பாதிய நானெல்லோ இடிச்சுப்போட்டன்."

ரீச்சர் போர்வையை விலக்கி எழும்பினா.

"ஒரு தாள் மிச்சம் இருக்கெல்லோ அண்ணை?"

"ஓம்."

"கோலை எடுங்கோ."

அன்றைக்கு வானம் மப்பு. நிழலே விழாத சப்பை வெளிச்சம். கலியாணப் படக்காரன் கமராவை வெளியே எடுக்க மாட்டான். ரீச்சர் வாசலுக்கு நேரே வந்து, இடிந்த பக்கம் உள்ளே வராதபடி கமராவை நிறுத்தினா. கமரா பார்த்தது வலப்பக்கத்தை மட்டும். பாதி வாசல், இராயப்பர், கோபுரம்.

"ரீச்சர், குண்டு விழுந்தது அங்கால."

"ஆடாமப் பிடியுங்கோ."

ஒரு சொடுக்கு. அவ்வளவுதான்.

கரண்ட் இல்லாத காலம். நெகட்டிவையும் கடதாசியையும் கண்ணாடிக்கு அடியில் அழுத்தி, யன்னலைத் திறந்து மூடித்தான் அச்சுப் போடுவது. ஒரு அச்சு வந்தது. மடுத்தீன் நெகட்டிவை எடுத்து வைக்கப் போனார். ரீச்சர் அதை வாங்கி, ரொட்டியைப் புரட்டுகிற மாதிரி மறுபக்கம் புரட்டி வைத்தா.

"இன்னொருக்கா யன்னலைத் திறவுங்கோ."

இரண்டாவது அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி வந்தது. ரீச்சர் இரண்டையும் வாசலின் நடுக்கோட்டில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினா. மடுத்தீன் வாயைத் திறந்தபடி நின்றார். கோயில் முழுசாக நின்றது. கோலும் இரண்டு பக்கமும் நின்றது.

சுவாமியார் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பிள்ளை, ரெண்டு பக்கமும் இராயப்பர் நிக்கிறார். திறப்பும் ரெண்டு. மோட்சத்துக்கு இப்ப ரெண்டு வாசலோ?"

"சின்னப்பருக்கு வாளைக் குடுக்கக் கட்டுற மேசனுக்குத் தெரியும் சுவாமி. அவர் எத்தினை அடி உயரத்தில நிண்டவர் எண்டதுதான் தெரியாது."

சுவாமியார் அந்தப் படத்தோடு திரும்பவும் நகரத்துக்குச் சைக்கிள் மிதித்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து, "தள்ள வேண்டாமாம். மேசன் வருகுதாம்" என்று சொல்லிப் படியில் இருந்துவிட்டார். சிரிக்கவும் அவருக்குச் சீவன் இல்லை. கறுப்புக் கடதாசி சுற்றிய பிலிம் பெட்டி ஒன்றை மடியில் இருந்து எடுத்தார்.

"சபையில ஒரு மனுசன் தந்துவிட்டவர்."

ரீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கினா.

"அண்ணை, நாளைக்கு விடிய வாங்கோ. கோலோட."

விடிய இரண்டு பேரும் ஆறு மைல் மிதித்தார்கள். அடுத்த ஊர்த் தேவாலயத்துக்கு முன்னால் ரீச்சர் இறங்கினா. மடுத்தீன் சுற்றி ஒருக்கால் நடந்து பார்த்தார். வெள்ளை அடித்த சுவர், கண்ணாடி யன்னல், மேலே மணி. ஒரு ஓடுகூட விலகவில்லை. உள்ளே ஆரோ கூட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ரீச்சர், இடம் மாறி வந்திட்டமோ? இதில ஒண்டும் விழேல்லையே."

ரீச்சர் கமராவின் காலை மண்ணில் ஊன்றினா. காய்ச்சல் விட்டும் அவவின் முகம் தெளியவில்லை.

"ஓம் அண்ணை, இன்னும் விழேல்லை. இடப்பக்கத்தில இருந்து தொடங்குவம். கோலை நேராப் பிடியுங்கோ."