குற்றாலிங்கம் உப்புப் பார்த்த கடல்

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர்களில் ஒரு வகையினர் உண்டு. பந்தி முடிகிறவரை எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். உப்பு சரியா, குறைவா என்பதை எழும்பும் ஆவியை மோந்தே சொல்லிவிடுவார்கள். உப்புக்கு மணம் கிடையாது என்ற சிறிய ஆட்சேபம் ஒன்று இதில் இருக்கிறது. ஆனால் குற்றாலிங்கத்தின் தேங்காய்ப்பால் சொதியைச் சாப்பிட்ட யாரும் அதை எழுப்பியதில்லை. வாய் அப்போது வேறு வேலையில் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட குற்றாலிங்கம் ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம் பாளையங்கோட்டையில் தெய்வநாயகம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தெய்வநாயகத்தின் மகளுக்குத் தையில் கல்யாணம். மேசைமேல் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு. அந்தத் தட்டு கைமாறினால் கல்யாணச் சமையலும், மறுநாள் மறுவீட்டுச் சொதியும் குற்றாலிங்கத்துக்கு உறுதி. பந்திக்கு வாழை இலைக்கட்டு போடும் ஆவுடையப்பனும் வந்திருந்தார். நான் பெண்ணுக்குத் தாய்மாமன். எதற்கும் பொறுப்பில்லாமல் ஒரு நாற்காலியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

தட்டு கைமாறவில்லை. காரணம், மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்த கண்ணாடித் தொட்டி. தெய்வநாயகம் சைவர், மீனைக் கண்ணால் மட்டும் அனுபவிக்கிறவர். வீட்டில் கடல் மீன் வளர்ப்பது அவருடைய ஒரே பித்து. அதைப் பார்த்து ஆசைப்பட்ட குற்றாலிங்கம், சித்திரையில் தானும் ஒரு சின்னத் தொட்டி வாங்கினார். கோமாளி மீன் என்று ஒன்று உண்டு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். அதில் இரண்டு குஞ்சுகளைத் தெய்வநாயகம் பெண் கொடுப்பதுபோல ஆயிரம் புத்தி சொல்லிக் கொடுத்தனுப்பினார். போன வாரம் ஆவுடையப்பன் அங்கே போனபோது தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"மீனு எங்க வே?" என்றார் தெய்வநாயகம்.

"மொதல்ல இருந்து சொன்னாத்தான் அண்ணாச்சி வெளங்கும்."

"வெளங்காட்டியும் பரவால்ல, சுருக்கமாச் சொல்லும்," என்றார் ஆவுடையப்பன்.

குற்றாலிங்கம் துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"கடல் உப்புப் பாக்கெட் வாங்கி நல்ல தண்ணியில கரை, குழாய விட்டு உப்ப அளந்து பாருன்னு அண்ணாச்சி சொன்னீங்க. இந்த மூக்கு இருக்கைல எனக்கு எதுக்குக் குழாய்? பாயச அண்டாவ வேன்ல ஏத்துனேன், நேரா தூத்துக்குடி. கரையில நின்னு கடல மோந்தேன். திக்குன்னு ஆயிட்டு. உப்பு ஒரு கை கொறைச்சல்!"

"கடல்லயா?" என்றார் ஆவுடையப்பன்.

"கடல்லதான். போன மழை கொஞ்ச மழையா? பக்கத்துலதான உப்பளம். ஒரு கை அள்ளி, அலை உள்ள போற நேரம் பாத்து வீசுனேன். கிண்டுததுக்கு அகப்பை இல்ல. கரையில கெடந்த தோணிய எடுத்து ரெண்டு சுத்து சுத்தி விட்டேன். திரும்ப மோந்தேன், கணக்கா இருந்துச்சு. அன்னைக்குப் பிடிச்ச மீனுக்கு ருசியே தனி."

"ஒமக்கு எப்படி வே தெரியும்? நீரு சைவம்லா?"

"மோந்து பாத்தேன்."

கடல் நீரில் ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு என்பார்கள். மன்னார் வளைகுடாவின் கொள்ளளவை அதோடு பெருக்கி, ஒரு கைப்பிடி எவ்வளவு மாற்றும் என்று நான் மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அண்டா பாளையங்கோட்டை வந்து சேர்ந்துவிட்டது.

"கோருன வேகத்துல தண்ணியோட அலையும் வந்துட்டு அண்ணாச்சி. தொட்டியில ஊத்துனா நிக்க மாட்டேங்கு. பௌர்ணமிக்கு ஏறுது, அப்புறமா வடியுது. சேதி பரவி, ஆடி அமாவாசைக்கு எங்க தெருவுல ஒரு ஆளு திருச்செந்தூர் போகல. அம்புட்டுப் பேரும் ஈர வேட்டியோட எங்க வீட்டு வாசல்ல வரிசை. ஐயரு நடுவீட்டுல எள்ளுப் பொட்டலத்தப் பிரிச்சிட்டாரு."

"தொட்டி எம்புட்டு வே கொள்ளும்?" என்றார் ஆவுடையப்பன்.

"ரெண்டு கொடம்."

"அதுல எப்படி முங்குனாங்க?"

"ஒவ்வொருத்தராத்தான்."

தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அது கெடக்கட்டும். தண்ணிய ஒரு மாசமாவது பழக விடணும்னு சொன்னேனே. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி அதுல வளரணும். அதுதான் மீனு போடுத அழுக்கத் தின்னு தண்ணியச் சுத்தமாக்கும். அதுக்கு முன்ன மீன விட்டா செத்துரும்னு சொன்னேனா இல்லயா?"

"மறப்பனா? பாலுக்கு ஒறை ஊத்துத வேலைதான அது? ஆயிரம் பேருக்கு ஒரே ராத்திரியில தயிரு தோய்க்கவன் ஒரு மாசம் காத்திருக்கவா? ஒங்க தொட்டித் தண்ணியில ஒரு கரண்டி கொண்டு போயி ஒறை குத்தி, சாக்கப் போட்டு மூடி வச்சேன். விடிஞ்சு பாத்தா கடலு கெட்டியாத் தோஞ்சு நிக்கி! தொட்டியச் சாய்ச்சா ஒரு சொட்டுச் சிந்தல. மத்த விட்டுக் கடைஞ்ச பொறவுதான் மீனு நீந்த வழி கெடச்சுது."

"வெண்ணெய் தெரண்டுச்சா?" என்றார் ஆவுடையப்பன்.

"தெரண்டுச்சு. முத்து முத்தா. வீட்டுக்காரி கழுத்துல போட்டிருக்கா, போயிப் பாரும்."

ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். குற்றாலிங்கம் அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டார்.

"மீனு ரெண்டும் வந்த அன்னைக்கே நம்ம வீட்டுப் பழக்கத்துக்கு வந்துட்டு. காஞ்ச எறாப் பொடியப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடும். இடியாப்பத்த நூலு நூலாப் பிச்சுப் போட்டா, தேங்காப் பாலு எங்கன்னு கேக்கும். சோமவாரம் விரதம். அன்னைக்கு ஒரு வாய் தண்ணி குடிக்காது."

"தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டா?"

"அதுதான் வே வைராக்கியம். இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டேரு. வரும்போது ரெண்டும் ஆம்பளை. இருக்க இருக்க, பெரிசா வளந்தது பொம்பளையா மாறிட்டு."

ஆவுடையப்பன் எழுந்து செருப்பைத் தேடினார். "கடல்ல உப்புப் போட்டேருன்னேரு, பொறுத்தேன். கடலத் தயிராக்குனேரு, அதையும் பொறுத்தேன். ஆம்பளை பொம்பளையா மாறுமாம்! கேக்கவன் கேணயனா?"

தெய்வநாயகமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோமாளி மீன்களில் எல்லாமே முதலில் ஆண்தான். கூட இருப்பவற்றில் பெரியது பெண்ணாக மாறும். அதுவரை குற்றாலிங்கம் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். ஆவுடையப்பன் செருப்பைத் தேடியதும் அது ஒன்றுக்குத்தான். அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எல்லாம் அந்தத் தண்ணியோட மகிமை," என்றார் குற்றாலிங்கம், வெற்றிலைத் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "பாளையங்கோட்டை வெயிலு தெரியும்லா? தெனமும் ஒரு வெரக்கடை தண்ணி வத்திப் போவும். நான் விடுவனா? அண்டாவுல மிச்சக் கடலு இருக்கு. வத்த வத்த அதையே ஊத்தி, தொட்டிய விளிம்பு வரைக்கும் நெறைச்சே வச்சிருந்தேன்."

தெய்வநாயகம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதை ஊத்துனேரு?"

"கடல் தண்ணியத்தான். அதுல என்ன கொறை?"

"சரி. அடுப்புல சாம்பாரு சுண்டிட்டு. என்னத்த ஊத்துவேரு?"

"வெந்நி. இது ஒரு கேள்வியா அண்ணாச்சி?"

"ஏன், உப்புப் போட்ட தண்ணியையே ஊத்தக் கூடாதா?"

"நல்லாருக்கே! கரிச்சுப் போயிரும்லா? ஆவியில தண்ணிதான போவும், உப்பு பூராவும் அங்கனயே..."

நிறுத்திவிட்டார். ஆவியில் உப்பு வராதென்றால், இத்தனை காலமாகத் தான் எதை மோந்துகொண்டிருந்தோம் என்ற கேள்வியும் அந்த நிமிஷத்தில் அவருக்கு எழுந்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது. தட்டைப் பார்த்தார், தெய்வநாயகத்தைப் பார்த்தார். பிறகு, பெரிய சமையல்காரர்கள் பந்தியில் சாதம் தீர்ந்துபோனால் எழுந்து நிற்பார்களே, அப்படி நிமிர்ந்தார்.

"அந்த உப்புதான் அண்ணாச்சி அதுகளுக்கு வீரியமே! தொட்டி பத்தாமப் போச்சு. ஒருநாக் காலம்பற எம் மூஞ்சியவே பாத்துச்சுக. 'பெத்தவங்களப் பாக்கணும்'னுச்சுக. நானே கொக்கிரகுளம் படித்துறையில கொண்டு போயி ஆத்துல விட்டேன். தாமிரவருணியோட போயி கடல் சேந்துட்டு. செத்துட்டுன்னா நெனச்சீங்க? கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் அம்புட்டையும் கூட்டிக்கிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்ன வந்துருதோம்னு சொல்லியிருக்கு. முன்னால திமிங்கிலம் நாயனம் வாசிச்சுக்கிட்டு வரும். அதுக்கு இருக்க தம்முக்குச் சீவாளியே வேண்டாம்!"

"அதுகளுக்கு எத்தனை இலை வே போட?" என்றார் ஆவுடையப்பன்.

தெய்வநாயகம் ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"தைக்குத்தான் வருதுன்னு ஒம்மட்டச் சொல்லிச்சாக்கும்? பொம்பளை மீனு நேத்தே வந்துட்டு."

"எங்க?"

"இங்கதான். வாசல்ல நின்னு கதவத் தட்டுச்சு. உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சு, 'ஏம்மா, குத்தாலிங்கம் வீட்டுல ஒனக்கு என்ன கொறை?'ன்னு கேட்டேன். 'ஒரு கொறையும் இல்ல. இடியாப்பம் பூ மாதிரி இருந்துச்சு, தயிரு கட்டியா இருந்துச்சு, அவரு மனசும் தங்கம்'னுச்சு." வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "'ஆனா உப்பு மட்டும் ஒரு கை கூடுதல்'னுச்சு."

குற்றாலிங்கம் மடியிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் பொய்க்கு அவர் இடம் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தெய்வநாயகம் தட்டை எடுத்து நீட்டினார். குற்றாலிங்கம் சட்டென்று எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். தெய்வநாயகம் தட்டின் மறுபக்கத்தை விடவில்லை.

"பாயசம் மட்டும்," என்றார்.