சடைச்சியின் பாசிப் பிடரி

மலைச்சோலை ஒன்றில் சடைச்சி என்றொரு சிங்கவால் மந்தி இருந்தாள். கூட்டத்துக்குக் காவல் அவள்தான். உயர்ந்த நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருப்பாள். கழுகின் சிறகோசை கேட்டதும் குரல் கொடுப்பாள். குட்டிகள் இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

அதே சோலையில் ஒரு மலைமைனாவும் இருந்தது. விடிந்ததும் குளக்கரையில் சேதி சொல்வது அதன் வேலை. முன்பெல்லாம் பழம் எங்கே, பாம்பு எங்கே என்று சொல்லும். இப்போது 'இன்றைய அழகு' மட்டும்தான். அதைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது.

ஆனிக் காற்று வீசிய நாட்களில் சடைச்சியின் பிடரி உதிரத் தொடங்கியது. முகத்தைச் சுற்றி வெள்ளியாய் மின்னிய மயிர், சத்தமில்லாமல் தோளில் விழுந்தது. குளத்தில் பார்த்தாள். யாரோ போலிருந்தது.

மைனா விடுமா?

"சடை இல்லாத சடைச்சி! முடி போனால் எல்லாம் முடிந்தது! ஊரே பார்க்கும் கிளையில் இந்தத் தலையா? காவலுக்கு வேறு ஆளைப் பாருங்களப்பா!"

கூட்டம் சிரித்தது. சடைச்சி தலையைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தக் கிளையை விட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

"அட, விடு!" என்றான் கணவன் தாண்டவன். "நமக்குப் பேரே சிங்கவால் குரங்கு. சிங்கம் நம்ம வாலில்தான் இருக்கு. தலையில் இருக்குன்னு எவன் சொன்னான்?"

"தலை நிறைய முடியை வைத்துக்கொண்டு நீங்கள் பேசலாம்!" என்றாள் அவள்.

அப்போது மலையணில் ஒன்று கை நிறைய மரப்பாசியோடு வந்தது. "அக்கா, பலாப்பாலில் ஒட்டிவிடுகிறேன். அசல் பிடரியே தோற்றுப்போகும்! முடி போனா எல்லாம் போச்சுன்னு மைனாவே சொல்லிச்சே, கேட்கலையா?"

மைனாவும் அணிலும் ஒரே அத்திமரத்தில் சாப்பிடுவதை யாரும் யோசிக்கவில்லை.

பாசி நெற்றியை மறைத்தது, கன்னத்தை மறைத்தது, இரண்டு காதையும் மறைத்தது. மறுநாள் குளக்கரையில் ஒரே ஆரவாரம்.

"மைனா என்ன சொல்கிறது?" என்று கேட்டாள் சடைச்சி.

"உன்னைத்தான் அழகுன்னு சொல்லுது!"

"என்ன?"

"அழகு! அழகு!" என்று கத்தினான் தாண்டவன்.

மகிழ்ச்சியோடு கிளையேறினாள். தலையைத் திருப்பினால் பாசி கலையும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கழுகு வந்தது. சிறகோசை கேட்கவில்லை. மடியில் நிழல் விழுந்தபோதுதான் நிமிர்ந்தாள். கீழே கிளைநுனியில் அவள் குட்டியே பழம் பறித்துக்கொண்டிருந்தது.

அலறினாள். குட்டி குதித்தது. நகம் வால்நுனியைக் கீறிக்கொண்டு போனது.

சடைச்சி இரண்டு கையாலும் பாசியைப் பிடித்து இழுத்தாள். பலாப்பால் சும்மா விடுமா? மிச்சமிருந்த மயிரும் கூடவே வந்தது. அப்படியே குளத்தில் எறிந்துவிட்டு, குட்டியின் இரத்தத்தைத் துடைத்தாள். பிறகு மொட்டைத் தலையோடு உச்சிக் கிளைக்கு ஏறினாள். யாரும் தடுக்கவில்லை.

அன்று முழுக்க எங்கும் அவள் பேச்சுத்தான். மைனாவுக்கு மூக்கு வேர்த்தது.

விடிந்ததும் கூவியது: "இன்றைய அழகு, மொட்டைத் தலை! முடி என்பது பழைய மோஸ்தர்!"

இளம் மந்திகள் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி பிடரியை ஒருத்தி பிடுங்கிக்கொண்டார்கள். "ஐயோ!" "மெதுவாடி!" நடுவே அணில் ஓடியது. "முடி உதிர்க்கும் பலாப்பால்! சடைச்சி அக்கா தலையே சாட்சி!"

பிறகு மரமேறி வந்து குழைந்தது. "அக்கா, நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

சடைச்சிக்குத் தலையில் குளிர்ந்தது. உதிர்ந்ததை நினைத்தால் இன்னமும் வலித்தது. ஆனாலும் தொலைவில், மலைக்கு அந்தப் பக்கம், காற்றை ஒரு சிறகு கிழிப்பது கேட்டது.

"சும்மா இரு," என்றாள். "கழுகு வருது."

பிறர் கண்ணுக்காகத் தலையை மூடிக்கொள்பவர், தமக்கு வேண்டிய காதையும் சேர்த்தே மூடிக்கொள்கிறார்.