மீன், மயில், குதிரை

உப்பளத்து ஓரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் உலகம்மை. வயது நாற்பத்து நான்கு. அவருக்குச் சீடர் ஒருவர்தான். பெயர் பால்வண்ணம், வயது ஐம்பத்தேழு. குருவைவிடச் சீடர் பதின்மூன்று வயது மூத்தவர். அதனால் உலகம்மை அவரை அண்ணாச்சி என்பார். பால்வண்ணம் குருவை அம்மா என்பார்.

மடத்தில் ஒரு பழைய ஆம்னி வேன் உண்டு. உப்பளத்து வீடுகள் நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக எல்லோருக்கும் அது ஒன்றுதான் வண்டி. ஓட்டிக்கொண்டிருந்தவன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒன்பது நாளாக வண்டி நின்றது. நான்காம் நாள், தேள் கொட்டிய ஒரு குழந்தையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார்கள். நிறைமாதப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஓட்டத் தெரிந்தவர் பால்வண்ணம் மட்டுமே. அவர் சாவியைத் தொடவில்லை.

பத்தாம் நாள் உச்சிப் பொழுதில் உலகம்மை சாவியை அவர் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கிடும் அண்ணாச்சி."

"முதல்ல ஒண்ணு சொல்லுங்கம்மா. எந்தக் கம்பெனி பெட்ரோல் நல்லது?"

"ஆறு வருசமா இதையேதான் கேக்கீரு."

"ஆறு வருசமா நீங்களும் சொல்லல்லியே."

"நானூத்திப் பதினேழு வண்டிக்காரங்ககிட்ட கேட்டு நோட்டு போட்டிருக்கீரு. அவங்க சொல்லாததையா நான் சொல்லிரப்போறேன்?"

பால்வண்ணம் வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். நோட்டு இடுப்பில்தான் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் அவர் சொந்த லோடு வேனில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வேனின் பின்பக்கம் பாய் விரித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழிக்குமேல் போய் வண்டி நின்றுவிட்டது. அப்பா அங்கேயே இறந்தார். முந்தின நாள் போட்ட டீசலில் தண்ணீர் கலந்திருந்தது என்று பால்வண்ணம் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். வேனை விற்றுவிட்டு மடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு எந்த வண்டியையும் அவர் ஓட்டவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டும். வழியில சொல்லுதேன்" என்றார் உலகம்மை.

காவித் துணியில் சுற்றிய ஒரு பொருளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"அது என்னம்மா?"

"தீர்த்தம்னு வச்சிக்கிடும்."

பால்வண்ணம் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. அப்போது பின்பக்கம் மெல்ல ஒரு அங்குலம் தாழ்ந்தது. ஆள் ஏறினால் தாழ்வதுபோல.

அவர் கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டு காலியாக இருந்தது.

"பின்கதவை நல்லா சாத்திட்டு வாரும்" என்றார் உலகம்மை.

"யாரும் ஏறல்லியேம்மா."

"சாத்தும்."

இறங்கிப் போய்ப் பார்த்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சாத்திவிட்டு வந்தார்.

உச்சிப் பொழுதில் உப்பளத்தில் யாரும் நிற்பதில்லை. பாத்திகள் வெள்ளையாகக் கிடந்தன. உப்புக் குவியல்களுக்கு நிழல் இல்லை. காற்றும் இல்லை. ஆஸ்பத்திரி பத்தொன்பது கிலோமீட்டர். வழியில் மூன்று பெட்ரோல் பங்க். நான்காவது கிலோமீட்டரில் மீன் கம்பெனி. ஒன்பதாவதில் மயில். பதினைந்தாவதில் குதிரை.

பெட்ரோல் அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது.

மீன் படம் போட்ட பலகை தெரிந்ததும் வண்டி மெதுவானது. பங்க்கில் இருந்த பெண் பால்வண்ணத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அண்ணாச்சி, நோட்டு எழுத வந்தீங்களா, பெட்ரோல் போட வந்தீங்களா?"

"போட்டுக்கிடுவோமா?" என்று கேட்டார் உலகம்மை.

"இது மீனும்மா. லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டருக்கு மேல குடுக்காது."

"மீனு போட்டா வண்டி நீந்துமோ என்னமோ."

பால்வண்ணம் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும் முன், பின்னால் தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது.

உப்பு லோடு வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் இருக்கும் ஆள் தகரத்தைத் தட்டித்தான் டிரைவரிடம் பேசுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் வண்டியை எடு.

பால்வண்ணம் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

"என்னமோ சத்தம் கேட்டுது" என்றார் உலகம்மை.

"கல்லு தெறிச்சிருக்கும்."

"தார் ரோட்டுல ஏது கல்லு?"

ஐந்து கிலோமீட்டர் போயிற்று. முள் சிவப்புக்குள் இறங்கியது. மயில் பலகை வந்தது.

"இங்க?"

"மயில் போட்டா வண்டி இழுக்காதும்மா. எழுபத்திரண்டு பேர் சொல்லியிருக்காங்க."

"முள்ளு கீழே போயிட்டே."

"குதிரைக்குப் போயிரலாம். ஆறு கிலோமீட்டர்தான்."

மறுபடி ஒரு தட்டு. இந்த முறை அவர் தலைக்கு நேர் பின்னால். பால்வண்ணம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுபோல அதை மேலே திருப்பிவிட்டார்.

மயில் பலகை பின்னால் போய்ச் சிறிதாகி மறைந்தது.

பதின்மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் வண்டி இருமுறை குலுங்கியது. பிறகு ஓசை அடங்கி, உருண்டுபோய் நின்றது. இடது கைப்பக்கம் ஏழு உப்புக் குவியல்கள். பால்வண்ணத்துக்கு எண்ண வேண்டிய அவசியம் இல்லை. அன்றும் ஏழுதான்.

உலகம்மை கையை நீட்டிச் சாவியை உருவி எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் இங்கதானா?"

"இங்கதான்."

"டீசல்ல தண்ணின்னீரு."

முன்கண்ணாடி வழியாக வெள்ளை வெளிச்சம் பால்வண்ணத்தின் முகத்தில் அடித்தது. வேனுக்குள் யாரோ மூச்சை இழுத்து, இழுத்து விட்டார்கள். உலகம்மையின் மூச்சு அப்படி இல்லை. தன் மூச்சா என்று அறிய பால்வண்ணம் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை.

"தண்ணி இல்லம்மா" என்றார்.

"பிறகு?"

"டீசலே இல்ல."

உலகம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"அப்பா மீனுகிட்ட ஒரு தடவ தட்டினாரு. மயிலுகிட்ட ஒரு தடவ தட்டினாரு. முள்ளு சிவப்புல கெடந்துச்சு. அவரு டிரைவரா இல்லாட்டியும் எல்லாம் தெரியும். கெளம்பும்போதே, தம்பி எண்ணெய் இருக்கான்னு கேட்டாரு. இருக்குப்பான்னேன். நான் நிறுத்தல. குதிரைதான் போடணும்னு வந்தேன்."

"ஏன்?"

"லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்கும்னு அப்பவே நோட்டுல எழுதியிருந்தேன்."

"இங்கேருந்து குதிரைக்கு எவ்வளவு?"

"ரெண்டு கிலோமீட்டர்."

சொல்லிவிட்டு அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நின்ன பிறகு தட்டினாரா?"

"ஒரு தடவ. வண்டி நின்னது தெரியாம தட்டினாரு."

"நீரு என்ன சொன்னீரு?"

"ஒண்ணும் சொல்லல்லம்மா. இறங்கி ரோட்டுல ஓடினேன். கேன்ல டீசல் வாங்க. திரும்பி வரும்போது..."

பின்னால் ஒரு தட்டு விழுந்தது. மெதுவான தட்டு. விரல் நுனியால் தட்டியதுபோல.

உலகம்மை அசையவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

பால்வண்ணம் கையை முகத்திலிருந்து எடுத்தார். மேலே திருப்பிய கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"நின்னுட்டோம்ப்பா."

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பின்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு அங்குலம் உயர்ந்தது. சாலையோரத்து உப்பில் காலடி நொறுங்கும் சத்தம் கேட்டது. பால்வண்ணம் எண்ணினார். பதினொன்று. பன்னிரண்டாவது கேட்கவில்லை.

உலகம்மை மடியிலிருந்த காவித் துணியை அவிழ்த்தார். உள்ளே ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். இறங்கிப்போய் டேங்கில் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, திறந்திருந்த பின்கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார்.

பால்வண்ணம் அந்த வெறும் கேனைப் பார்த்தார். மூடியில் மீன் இல்லை. மயில் இல்லை. குதிரையும் இல்லை. அவர் வாய் ஒரு கேள்விக்குத் திறந்தது. மூடிக்கொண்டது. கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்கம்மா."

உலகம்மை கொடுத்தார்.

மூன்றாவது தடவை வண்டி உயிர் பிடித்தது. பால்வண்ணம் கியர் போட்டார். கிளட்சில் கால் வைத்தபடியே இருந்தார். ஒரு நிமிடம் போயிற்று.

"என்ன அண்ணாச்சி, எடுக்கல்லியா?"

"ரெண்டு தட்டு வரணுமேம்மா."

உலகம்மை சாலையைப் பார்த்தார்.

"யாரு தட்டுவா? இறங்குறவரு இறங்கியாச்சு. எடும்."