போண்டாவுக்கு அடியில் விடை

முதலில் வம்புக்கு இழுத்தவர் கிளப் செயலாளர் ஞானதுரைதான். பேப்பர் புதிரில் கொடுத்திருக்கும் எழுத்துகள் எல்லாம் வருகிற ஆங்கில வார்த்தைகளைத் தினமும் சபையில் சொல்லி, மேதை என்று பெயர் வாங்கியவர். டீ ஆறிப்போனதற்காகப் பரிமாறுகிற மாசானத்தின் மேல் சீறினார்.

"நாளைக்குப் புதிருக்கு நீ வார்த்தை சொல்லணும். இல்லேன்னா வேலை கிடையாது."

மறுநாள் எல்லோரும் கூடினார்கள்.

"முதல் வார்த்தையை ஐயா சொல்லட்டும், அடுத்தது நான்" என்றார் மாசானம்.

ஞானதுரை பேப்பரைத் திருப்பினார், புரட்டினார், வேர்த்து வழிந்தார்.

"பக்கத்துக்கு அடியிலே தலைகீழா அச்சடிச்சிருக்கிற விடையைத் தேடுறீங்களா? அதைக் கிழிச்செடுத்த துண்டுலதான் உங்க போண்டாவை வச்சிருக்கேன், ஐயா."

கிளப்பே குலுங்கிச் சிரித்தது. "மாசானம் இங்கேதான் இருப்பார்" என்றார் தலைவி எஸ்தரம்மா. அந்த மகராசியை நினைக்காமல் மாசானம் இன்றும் சோற்றில் கை வைப்பதில்லை. ஞானதுரை கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.